வீரையாவின் வயதும் லத்தீன் பன்மையும்

5 பிப்ரவரி 1978, குன்னூர்

உறைபனி. பதினோரு மணி வரை டைப்ரைட்டர் சாவிகளில் விரல் வைக்க முடியவில்லை.

நஞ்சப்பன் மறுபடியும் கேட்டுவிட்டார். அவருடைய அச்சகம் குமாஸ்தா தேர்வு எழுதுகிறவர்களுக்காக ஆங்கில இலக்கணக் கையேடு ஒன்று போடுகிறது. மற்ற அத்தியாயங்கள் வந்துவிட்டனவாம். என் பங்கு, லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பெயர்ச்சொற்களின் பன்மை. "முப்பது வருசமா இங்கிலீஷ் பேப்பருக்கு எழுதறீங்க. உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலைங்களா?" என்கிறார்.

வேலைதான். முப்பத்தொரு வருடமாக நான் தவறாக எழுதியதையெல்லாம் மெட்ராஸ் அலுவலகத்தில் யாரோ ஓர் உதவி ஆசிரியர் திருத்தியிருக்கிறார். ரேடியஸ் என்றால் ரேடியை என்று தெரியும். அப்படியானால் சென்ஸஸ் ஏன் சென்ஸை ஆகவில்லை? காது சொல்வதை எழுதிப் பிழைத்திருக்கிறேன். இதை நஞ்சப்பனிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

9 பிப்ரவரி

தேயிலை ஏலம். இலைத் தேயிலை விலை சற்று ஏற்றம், தூள் மந்தம். தந்தி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் முன்னறையில் ஒருவர் காத்திருந்தார். ஒல்லி. தலையில் பாதி நரை. பழைய கோட்டின் பொத்தான்கள் எல்லாவற்றையும் போட்டிருந்தார். பெயர் வீரையா. சிலோனிலிருந்து தாயகம் திரும்பி மூன்று வருடம். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், குடியிருக்கிறார். லயத்துத் தண்ணீர்க் குழாய் பற்றி ஒன்று, கூரை பற்றி ஒன்று, கலெக்டருக்குக் கொடுத்த மனுக்களின் நகல்கள் கையில்.

"ரெண்டு மெமோராண்டா கொண்டாந்திருக்கேங்க ஐயா" என்றார்.

பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். இந்த மாவட்டத்தில் மாலை மரியாதையோடு மனுக் கொடுக்க வருகிற தலைவர்கள் அத்தனை பேரும் மெமோராண்டம்ஸ் என்றுதான் சொல்வார்கள். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

"பதுளைப் பக்கம் தோட்டத்து இஸ்கோல்ல இருவத்திரெண்டு வருசம் வாத்தியாருங்க. அதுக்கு முன்ன மிஷன்ல ஒரு ஃபாதர்கிட்ட நாலு வருசம் லத்தீன் படிச்சேன். அவருக்குப் பூசையில பாட ஆள் வேணும், எனக்குச் சாப்பாடு வேணும்."

"இப்ப?"

"கவ்வாத்து வெட்டுறேன்."

தேயிலைச் செடியின் தலையை வெட்டுகிற கத்தி பிடித்த கை அது. உள்ளங்கையைக் காட்டவில்லை. நானாகத்தான் பார்த்தேன்.

12 பிப்ரவரி

ஞாயிறு. வரச் சொல்லியிருந்தேன், வந்தார். என் சங்கடத்தைச் சொன்னதும் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. வெகு நாளாகப் பூட்டிக்கிடந்த அறையைத் திறக்கச் சொன்னது போல ஒரு முகம்.

"இது இலக்கணமே இல்லைங்கய்யா, வாய்பாடு. முதல் வாய்பாடு 'அ'ல முடியும். ஃபார்முலா, ஃபார்முலீ. லார்வா, லார்வீ. ரெண்டாவதுல 'அஸ்'னா 'ஐ'. 'அம்'னா 'அ'. ஃபங்கஸ், ஃபஞ்சை. பாக்டீரியம், பாக்டீரியா. நம்ம தேயிலை இலையில கொப்புள நோய் போடுறவன் ஃபங்கஸ்தான், பாத்திருப்பீங்க."

ஒரு மணி நேரத்தில் நாற்பது சொற்கள். ஸ்டிராட்டம், ஸ்டிராட்டா. கரிக்குலம், கரிக்குலா. டெர்மினஸ், டெர்மினை. என் மனைவி மருதாம்பாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சற்று நேரம் நின்று கேட்டாள். "ஏனுங்க, ஒண்ணு ரெண்டாகறதுக்கு இவ்வளவு பாடா? நம்மூர்ல 'கள்'ளுனு ஒட்டினா முடிஞ்சு போகுது" என்றாள். வீரையா எழுந்து நின்று, "அதுதாங்கம்மா வெள்ளைக்காரன்கிட்ட இல்லாதது" என்றார்.

19 பிப்ரவரி

சென்ஸஸ் விளங்கிவிட்டது. அது நாலாவது வாய்பாடாம். லத்தீனில் அதற்கு ஒருமையும் பன்மையும் எழுத்தில் ஒன்றேதான். உயிரை மட்டும் நீட்டுவார்கள். ஆங்கிலத்தில் நீட்ட வழியில்லாததால் 'எஸ்' போட்டுச் சமாளித்துவிட்டார்கள். ஸ்டேட்டஸ், ப்ராஸ்பெக்டஸ், அப்பரேட்டஸ் எல்லாம் அதே கூட்டம். ஐம்பத்தேழு வயதில் ஒரு காரணம் தெரிந்துகொண்டதில் இவ்வளவு மகிழ்ச்சி இருக்கிறது.

பஸ் என்பது ஆம்னிபஸ்ஸின் வால், 'எல்லாருக்கும்' என்று பொருள், அதுவே பன்மைதான் என்றார். "கீழ் கோத்தகிரி பஸ்ஸுல வந்து பாருங்கண்ணே. எல்லாரும் அதுக்குள்ளதான் இருக்காங்க."

அண்ணே என்று கூப்பிட்டது இன்றுதான். மருதாம்பாளும் கவனித்திருக்கிறாள்.

26 பிப்ரவரி

இன்டெக்ஸ், இண்டிஸஸ். ஜீனஸ், ஜெனெரா. ஓபஸ், ஓபரா. கடைசியைக் கேட்டு நான் நம்பவில்லை. மேசையில் விரலால் வேற்றுமைகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிரூபித்தார்.

5 மார்ச்

இன்று சொற்கள் நடக்கவில்லை. வீரையா ஒரு விளம்பரத் துண்டோடு வந்தார். அவர்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை எட்டாவது வரை உயர்த்துகிறார்கள். ஆங்கில ஆசிரியர் ஒருவர் தேவை. பயிற்சிச் சான்றிதழ் சிலோனுடையதாக இருந்தாலும் ஏற்பார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வயது வரம்பு ஐம்பது.

"அப்புறம் என்ன? உங்களுக்காகவே போட்ட மாதிரி இருக்கு" என்றேன்.

குடும்ப அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். சிலோனிலிருந்து வந்து இறங்கிய முகாமில் கொடுத்தது. பிறந்த ஆண்டு 1927. வயது ஐம்பத்தொன்று.

"நான் பொறந்தது முப்பதுல, தை மாசம். நாப்பத்தெட்டுதான் நடக்குது. பத்து வயசுல எங்கப்பா என்னைக் காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்களத்துல நிப்பாட்டி, பதிமூணுன்னு சொல்லிப் பேர் பதிஞ்சாரு. கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், தொரைக்கும் தெரியும். அங்க எல்லாப் பிள்ளைக்கும் அப்பிடித்தான். வயசைக் கூட்டினாதான் செக்ரோல்ல, அதான் கூலிப் பேரேட்டுல, பேர் விழும், கொஞ்சம் கூடக் கூலி வரும். காலையில கொழுந்து, மதியம் இஸ்கோல். அந்தச் செக்ரோலைப் பாத்துத்தான் பாஸ்போட்டு, பாஸ்போட்டைப் பாத்துத்தான் இந்த அட்டை."

அதாவது அவர் லயத்தில் கிட்டத்தட்ட எல்லாருமே தாளில் இருப்பதைவிட இளையவர்கள். மூன்று வருடம், நான்கு வருடம். இத்தனை நாள் இந்தத் தோட்டங்களைப் பற்றி எழுதியும் எனக்கு இது தெரியாது.

12 மார்ச்

நோட்டரி முன்னால் பிரமாண வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டார், பிறப்பு 1930 என்று. பள்ளி நிர்வாகக் குழுவின் செயலாளர் நல்ல மனிதராகத் தெரிகிறார். "வேற யாரும் ஆட்சேபம் பண்ணாத வரைக்கும் இது போதும். அங்கத்துப் பள்ளிக்கூடப் பதிவேட்டிலிருந்து ஒரு வரி வாங்கினா இன்னும் நல்லது" என்று சொல்லியிருக்கிறார். பழைய சக ஆசிரியர் ஒருவருக்குப் பதுளைக்கு விமானத் தபாலில் கடிதம் போயிருக்கிறது.

விண்ணப்பத்தை நான் டைப் அடித்தேன். ஒரு கமாகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

26 மார்ச்

அவர்கள் லயத்துக்குப் போனேன். கவ்வாத்து வெட்டுகிற வாத்தியார் என்று ஒரு கட்டுரை எழுத யோசனை. வந்தால் குழுவின் கண்ணில் படும். அவருக்கு நல்லது. எனக்கும் நல்லது. பல மாதங்களாக ஏல விலையும் மண்சரிவும் தவிர என் பெயர் எதற்கும் கீழே வரவில்லை. இதையும் எழுதிவைக்க வேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் தகரப் பெட்டி. அதன்மேல் பழுப்பேறிய லத்தீன் அகராதி ஒன்று, அட்டையில்லாமல். அவர் மனைவி சின்னம்மை கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். தலையில் கூடைக் கயிற்றின் தடம்.

"அங்க வாத்தியார் சம்சாரம்னு கல்யாண வீட்டுல நாக்காலி போடுவாங்க. இங்க கூடையைப் போட்டுட்டாங்க, அதுவும் நல்லாத்தான் உக்காந்திருச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, பேப்பர்ல எழுதறது எழுதறீங்க, இந்த மனுசன் தூக்கத்துல லத்தீன் பேசறதையும் எழுதுங்க. பக்கத்து லயத்துல பேய்னு பயப்படுறாங்க" என்றார். வீரையா, "நீ கொஞ்சம் சும்மா இரு" என்று கெஞ்சினார். ரொம்ப நேரம் சிரித்தோம்.

கிளம்பும்போது வழக்கப்படி நோட்டுப் புத்தகத்தில் பெயர், ஊர் சரிபார்த்து, வயது என்று கேட்டேன்.

"வயசு அவசியம் வேணுமாண்ணே?"

"பேருக்குப் பின்னால வயசு இல்லாம எங்க பேப்பர்ல ஏத்துக்க மாட்டாங்க."

"அப்ப நாப்பத்தெட்டுன்னு போடுங்க. அதுதான் நெசம்."

"பாக்கறேன்" என்றேன்.

நோட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டேன். வாய்: 48. அட்டை: 51.

28 மார்ச்

கட்டுரை போய்விட்டது. தந்தி அலுவலகத்தில் கடைசி முறை படித்தபோது வயது வரும் இடத்தில் நின்றேன். வாயும் தாளும் வேறுபட்டால் தாளை எழுது என்று என்னிடம் முதல் நாளே சொன்னவர், நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த செய்தி ஆசிரியர். அதை மீறி நான் எழுதியதில்லை. ஒருமுறை ஒரு மந்திரியின் வயதை அவர் சொன்னபடி போடாமல் வாக்காளர் பட்டியலில் இருந்தபடி போட்டேன். அதற்காக வசவும் வாங்கினேன், பாராட்டும் வாங்கினேன். வேண்டியவர் என்பதற்காக மாற்றினால் அப்புறம் மந்திரிக்கும் மாற்ற வேண்டிவரும்.

51 என்று போட்டேன். கட்டுரையில் அட்டையின் கதையைச் சொல்ல இடம் இல்லை. மூன்று பத்திக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

2 ஏப்ரல்

மதிய பஸ்ஸில் பத்திரிகை வந்தது. ஐந்தாம் பக்கம், படத்தோடு. வீரையா ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி வந்திருந்தார், இங்கேதான் படித்தார். முதலில் உட்கார்ந்து, பிறகு எழுந்து சன்னல் பக்கம் போய் நின்று இரண்டாம் முறை.

"படம் தெளிவா விழுந்திருக்குண்ணே" என்றார்.

அதன்பின் அப்பெண்டிக்ஸ், அப்பெண்டிஸஸ். ஆல்பம், மியூஸியம் இரண்டும் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டவை, 'எஸ்' போதும். மூன்றோடு நிறுத்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

3 ஏப்ரல்

மருதாம்பாள் பத்திரிகையை மடித்துக் கையில் கொடுத்தாள். "ஏனுங்க, நாப்பத்தெட்டுன்னு போட்டிருந்தா உங்க குடி முழுகிப் போயிருக்குமா?"

விதியைச் சொன்னேன்.

"அந்த அட்டையையும் எவனோ ஒருத்தன் வாயில கேட்டுத்தானே எழுதினான்?" என்றாள்.

சமையல்கட்டில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தன.

14 ஏப்ரல்

வருடப் பிறப்பு. கட்டுரையைப் பாராட்டி ஒன்பது கடிதங்கள். மெட்ராஸிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வீரையாவுக்கு ஒரு லத்தீன் நூல் அனுப்பியிருக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இன்று என் மனம் சற்று லேசானது. வயது யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது.

22 ஏப்ரல்

நேர்முகத் தேர்வு முடிந்தது. பதினொரு பேரில் ஆங்கிலத்தில் வீரையாதான் முதல். அவர் தரப்பில் யாரும் சொல்லவில்லை, செயலாளரே பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்திச் சொன்னார். பிழை திருத்தக் கொடுத்த ஒரு பக்கத்தில் அவர்கள் வைக்காத பிழை இரண்டையும் கண்டுபிடித்தாராம்.

சின்னம்மை அடுத்த வாரம் முதல் நாற்காலிக்குத் துணி தைக்கப் போகிறேன் என்று சொன்னாராம்.

30 ஏப்ரல்

நாற்பத்திரண்டு சொற்கள் பாக்கி. வீரையா நன்றாகப் பேசினார். ஜூனில் பள்ளி திறக்கும், முதல் பாடத்தை எதில் தொடங்குவது என்று என்னிடம் யோசனை கேட்டார். எனக்கு வாத்தியார் வேலை தெரியாது. இருந்தாலும் கேட்டார்.

11 மே

ஆட்சேபம் வந்துவிட்டது.

தேர்வாகாத ஒருவர் மனு எழுதி, அதனோடு ஒரு பத்திரிகைத் துண்டை இணைத்திருக்கிறார். செயலாளர் ஆள் அனுப்பியதால் போனேன். கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். என் கட்டுரை. இரண்டாவது வரியில் சிவப்புக் கோடு.

"வாக்குமூலம் அவரே எழுதிக் கொடுத்தது. அதை நம்பித்தான் இருந்தோம். ஆனா பேப்பர்ல வந்தது வேற ஆள் எழுதினது. அதுவும் நீங்க. உங்க பேப்பர் வயசுல தப்புப் போடாதுன்னு இந்த மலையில எல்லாருக்கும் தெரியும்" என்றார். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே மரியாதையாகச் சொன்னார்.

"அவர் நாப்பத்தெட்டுன்னுதான் என்கிட்ட சொன்னார். அதை எழுதித் தர்றேன்."

"சொன்னார்னு எழுதினா போதாதுங்க. போட்டது தப்புன்னு உங்க பேப்பர்லயே ஒரு வரி வரணும். வந்தா நான் குழுவில பேசறேன். பதினெட்டாம் தேதி வரைக்கும் நிறுத்தி வைக்கறேன்."

ஒரு கொரிஜெண்டம். அவ்வளவுதான் வேண்டும். அதன் பன்மை கொரிஜெண்டா என்று பிப்ரவரியில் எழுதினோம். 'திருத்தப்பட வேண்டியது' என்று பொருள்.

12 மே

மெட்ராஸுக்கு டிரங்க் கால் கிடைக்க இரண்டு மணி நேரம். இப்போதைய செய்தி ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். என்னைவிட இருபது வயது சிறியவர்.

"அட்டையில என்ன இருக்கு, தங்கவேலு சார்?"

"ஐம்பத்தொண்ணு."

"நாம போட்டது?"

"ஐம்பத்தொண்ணு."

"அப்ப எதைத் திருத்தறது?"

அட்டைதான் தவறு என்றேன். அதற்குத் தாள் இருக்கிறதா என்று கேட்டார். பதுளையிலிருந்து வரும் என்றேன். வந்ததும் கூப்பிடுங்கள், நானே போடுகிறேன் என்றார். என் இடத்தில் அவர் இருந்து, அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். இதே வார்த்தைகளில். போன மாதம் வரை.

போனை வைத்த பிறகு போஸ்ட் மாஸ்டர், "கெட்ட செய்தியாங்க?" என்று கேட்டார்.

13 மே

வீரையாவைப் பார்க்க கீழ் கோத்தகிரி போனேன். மேல்மட்டத்துச் செடிகளில் இருந்தார். கங்காணி அனுமதியோடு பத்து நிமிடம். நடந்ததையெல்லாம் சொன்னேன், தந்தி அலுவலகத்தில் நான் நின்று யோசித்ததையும் சேர்த்து. கை தவறிப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது சுலபமாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

கவ்வாத்துக் கத்தியைச் செடியில் சாய்த்துவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுத்தான் போட்டீங்க."

"ஆமா."

"சரிங்க" என்றார். பின்னர், "எங்கப்பாவும் யோசிச்சுத்தான் போட்டாரு" என்றார்.

மறுபடி கத்தியை எடுத்தார். அவர் வரிசையில் மற்றவர்கள் பத்துச் செடி முன்னால் போயிருந்தார்கள். பிந்தினால் அரை நாள் கூலி வெட்டு.

17 மே

பதுளைக் கடிதம் வந்தது. வீரையா படித்துவிட்டு, என்னிடம் காட்டச் சொல்லிப் பக்கத்து லயத்து ஆறுக்குட்டி மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். நல்ல கையெழுத்து. இப்படி இருந்தது:

'போன ஆகஸ்ட் கலவரத்தில் நம்ம இஸ்கோல் எரிந்தது உனக்குத் தெரியாதென்று நினைக்கிறேன். அலுமாரியோடு பதிவேடுகளும் போய்விட்டன. நீ முப்பதில் பிறந்தவன் என்று நான் சத்தியம் செய்து எழுதித் தருகிறேன். ஆனால் என் சத்தியத்துக்கு அங்கே என்ன மதிப்பு? செக்ரோல் ஆபீஸில் பத்திரமாக இருக்கிறது. அதில் நீ பெரியவன்தான்.'

பொய் பிழைத்திருக்கிறது, மெய் எரிந்துவிட்டது என்று ஒரு வாக்கியம் எழுதி அடித்தேன். இது கட்டுரை இல்லை.

18 மே

நானே செயலாளரிடம் போய் நான்கு பக்கக் கடிதம் கொடுத்தேன். பேர் பதிகிற வழக்கம், அப்பா, பெரட்டுக்களம் எல்லாம். முழுவதும் படித்தார். "இதை ஏப்ரல்லயே பேப்பர்ல எழுதியிருக்கலாமேங்க" என்றார்.

குழு மாலையில் கூடியது. கோவையிலிருந்து வந்த ஒருவருக்கு வேலை.

அவர் நல்லவராகத்தான் இருப்பார். இருபத்தாறு வயதாம்.

4 ஜூன்

வருவார் என்று நினைக்கவில்லை. பத்தரை பஸ்ஸில் வந்தார்.

"நாப்பத்திரெண்டு வார்த்தை பாக்கி இருக்குதுங்களே சார். ஒத்துக்கிட்ட வேலை" என்றார்.

ஃபோகஸ், ஃபோசை. வெர்ட்டெக்ஸ், வெர்ட்டிஸஸ். அடெண்டம், அடெண்டா. கோரம் என்பது லத்தீனில் பெயர்ச்சொல்லே இல்லை, அதனால் கோரம்ஸ். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். முன்பு கிண்டலும் கதையும் கலந்து வரும் காரணங்கள், இன்று தேர்வுத்தாளில் எழுதுவது போல வந்தன. அஜெண்டா முன்பு பன்மையாக இருந்தது, இப்போது ஒருமையாகிவிட்டது, இனி பழையபடி ஆகாது என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

மருதாம்பாள் சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று இலை போட்டாள். "வாத்தியாரண்ணா, எனக்காகவாச்சும் ஒரு வாய்" என்றாள். உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னார்.

வாசல்வரை போனேன். "கையேட்டுல உங்க பேரைப் போடச் சொல்றேன்" என்றேன். "இந்த அத்தியாயம் உங்களோடது."

"வேணாங்க சார்."

"ஏன்?"

"போட்ட வரைக்கும் போதுங்க."

கோபம் இருந்திருந்தால் தேவலை. ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். மருதாம்பாள் வந்து கதவைச் சாத்தினாள்.

11 ஜூன்

வரவில்லை.

18 ஜூன்

இனி எதற்கு வருவார்? சொற்கள் முடிந்துவிட்டன. இருந்தும் பத்தரை பஸ்ஸின் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன்.

9 ஜூலை

நஞ்சப்பன் புரூஃப் அனுப்பியிருக்கிறார். எட்டுப் பக்கம். கோவையில் ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் காட்டினாராம், இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி அவர் பார்த்ததில்லை என்றாராம். "உங்களுக்குள்ள இவ்வளவு இருக்கும்னு தெரியாமப் போச்சுங்க" என்று நஞ்சப்பன் எழுதியிருக்கிறார். பெயர் இல்லாமல் போடுங்கள் என்று பதில் எழுதினேன். என் பெயரும் வேண்டாம். அவருக்குப் புரிந்திருக்காது.

20 ஆகஸ்ட்

லயங்களில் வயது மாறிக் கிடப்பதைப் பற்றி நான் அனுப்பிய நீண்ட கட்டுரை போன வாரம் திரும்பி வந்தது. ஆதாரம் போதாது. பெயர், வயதோடு ஐந்து பேராவது சொல்லியிருக்க வேண்டும் என்று குறிப்பு. அந்த ஐந்து பேரைத் தேடிக் கீழ் கோத்தகிரியில் இரண்டு நாள் அலைந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள், உட்கார இடம் கொடுத்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு கிழவி மட்டும் கேட்டாள்: "ஏஞ்சாமி, வீரையா வாத்தியாரப் பத்தி எழுதினது நீங்கதானா?"

நான்தான் என்றேன்.

"அப்ப எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று எழுந்துபோனாள்.

24 செப்டம்பர்

மருதாம்பாள் கோத்தகிரிச் சந்தையில் சின்னம்மையைப் பார்த்தாளாம். நன்றாகப் பேசினாராம். வீரையா தூக்கத்தில் பேசுவதை விட்டுவிட்டார் என்றாராம். மருதாம்பாள் இதை என்னிடம் காய்கறிகளைப் பிரித்துக்கொண்டே சொன்னாள், நிமிராமல்.

6 நவம்பர்

நான்கு நாள் அடைமழை. பர்லியாறு வழி மூடல். மலை ரயில் இல்லை.

8 நவம்பர்

விடியற்காலை கீழ் கோத்தகிரியில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்திருக்கிறது என்று செய்தி. கோத்தகிரி வரை ஜீப், பிறகு நடை. எட்டு மைல் சேறு. அறுபதை நெருங்கும் முழங்கால்கள்.

உயிர்ச்சேதம் இல்லை. முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன், ஒரு தொப்பி போட்ட காவலர் சொன்னார். பின்வரிசை லயத்தின் சுவர் விழுந்திருந்தது. மக்கள் ஃபேக்டரி முற்றத்தில் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்ததும் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைக் காட்டினார். அடுத்தவர், "வாத்தியாரக் கேளுங்க" என்றார்.

வீரையா தலையில் துண்டு கட்டி, இடுப்புவரை சேற்றோடு மண் அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: சரிவு தொடங்கிய நேரம் மூன்று ஐம்பது. பதினாறு வீடுகள், அதில் ஆறு முழுச் சேதம். நூற்றுப் பதினொரு பேர். முதலில் ஓடைப் பக்கம் சத்தம் கேட்டது. கதவு கதவாகத் தட்டி எழுப்பினோம். கூரை பற்றிப் பிப்ரவரியில் கொடுத்த மனுவின் எண்ணும் தேதியும் இது. அளவுகள் அடியில், கையால் எண்ணிச் சரிபார்த்தவை. முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சரியாக எனக்கு யாரும் செய்தி சொன்னதில்லை. எதையும் மறுபடி கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எல்லாரையும் எழுப்பினது யாரு?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

வீரையா என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். பேனா தாளின்மேல் நின்றது.

"தொழிலாளி ஒருத்தர்னு போட்டுக்கங்க சார்" என்றார்.

தாளை மழையிலிருந்து கையால் மறைத்துக்கொண்டேன். அப்படியே எழுதினேன்.